உடைஞ்ச ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் அம்மாவோட ரெண்டு ரிமோட்டும்

போன ஆயுத பூஜைக்கு வீடு தொடைக்கிறேன்னு அம்மா டிவிய செவுத்துலேந்து லேசா முன்னாடி இழுத்திருக்காங்க, செட்டாப் பாக்ஸோட ஹெச்டிஎம்ஐ வயர் (படமும் சவுண்டும் ஒரே வயர்ல போறது) ஏற்கனவே செவுத்துக்கும் டிவிக்கும் நடுவுல நசுங்கி மடங்கித்தான் இருந்துச்சு, சாயங்காலம் வந்து போட்டா நோ சிக்னல். லூசா இருக்கும்னு வயர உருவுனேன், அதோட வாயில ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டும் சேந்து வந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தா போர்ட்டுக்குள்ள நாக்கு மாதிரி ஒன்னு இருக்குமே, அதக் காணோம், பொடிப் பொடி கம்பி மட்டும் கோணலா நிக்குது.

டிவி வாங்கி எட்டு மாசம்தான். வாரண்டி இருக்கேன்னு தெம்பா போன் போட்டேன். வந்தவர் எட்டிப் பாத்துட்டு "சார் இது பிசிக்கல் டேமேஜ், வாரண்டில வராது, உள்ள இருக்கற சர்க்யூட் போர்டையே மாத்தணும், 9,500 ஆகும்"னு சொல்லி விசிட்டிங் சார்ஜையும் வாங்கிட்டு கிளம்பிட்டார். டிவியே 24,000 சாமி.

எங்க டிவில மொத்தமே ரெண்டு ஹெச்டிஎம்ஐதான், இன்னொன்னுல சவுண்ட்பார், அதான் டிவிக்கு கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர், இருக்கு. சரி மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்ல ஓட்டுவோம்னு பாத்தா புது டிவில அந்த மூணு ஓட்டையும் இல்ல, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்னே ஒன்னு, பக்கத்துல ஏவின்னு எழுதியிருக்கு. ஒன்னுலேந்து மூணா பிரியற வயர் 120 ரூபாய்க்கு வாங்கி மாட்டுனா படம் இல்ல, கொர்ர்ருனு சத்தம் மட்டும். அந்த குட்டி பின்ல எது படம் எது சவுண்டுங்கறது எல்லா வயர்லயும் ஒரே மாதிரி இருக்காதாம், மஞ்சள எடுத்து சிவப்புல குத்துனதும் படம் வந்துருச்சு. ஆனா வந்த படம் இருக்கே, கீழ ஓடற நியூஸ் எழுத்த படிக்க அப்பா கண்ணாடிய தொடைச்சுக்கிட்டே இருந்தார். இதுக்கா மாசாமாசம் ஹெச்டி பேக்குக்கு காசு கட்டறோம்னு கடுப்பாயிருச்சு.

சனிக்கிழமை சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஒரு மாடிப்படிக்கு கீழ கடை போட்டிருந்த அண்ணன்கிட்ட போட்டோவ காட்டுனேன். "போர்ட் மாத்தலாம் தம்பி, மேல பத்து கீழ ஒம்போதுன்னு 19 காலு, சூடு காத்து அடிச்சு எடுத்துட்டு புதுசு வைக்கணும், 900 குடு. ஆனா நீ டிவிய பிரிச்சா இருக்கற வாரண்டியும் போச்சு"ன்னார். அப்புறம் திட்டுற மாதிரி, "உடைஞ்சதுல திரும்பத் திரும்ப குத்திப் பாத்தியா? பாக்ஸ்லேந்து 5 வோல்ட் வருது, கம்பி ஒன்னோட ஒன்னு ஒட்டுச்சுன்னா பாக்ஸும் காலி." நான் குத்திப் பாத்தத சொல்லல.

இன்னொரு ஹெச்டிஎம்ஐ என்னாச்சுன்னு கேட்டார், சவுண்ட்பார்னு சொன்னதும் சிரிச்சுட்டார். "சவுண்ட்பார ஆப்டிகல்ல, அதான் லைட்டு வழியா சவுண்டு போற வயர்ல, மாட்டிட்டு பாக்ஸ அந்த போர்ட்டுக்கு கொண்டு வாயேன்." ஒரு காசு வாங்கல. எதுத்த கடைலயே ஆப்டிகல் கேபிள் 250, வயர் செவுத்துல இடிக்காம திரும்பறதுக்கு எல் ஷேப் அடாப்டர் ஒன்னு 80.

வீட்டுக்கு வந்து மாட்டுனா படம் பளிச்சுனு வருது, சவுண்டு வரல. அரை மணி நேரம் செட்டிங்ஸ நோண்டுனேன், சவுண்ட் அவுட்புட் ஆப்டிகல், ஃபார்மட் பிசிஎம், எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசில பாத்தா கேபிள் முனைல இருக்கற கண்ணாடி மாதிரி மூடிய கழட்டாமலே குத்தியிருக்கேன். கழட்டுனா முனைல செவப்பா லைட் தெரியுது, மாட்டுனதும் சவுண்டு வந்துருச்சு.

முன்னாடி சவுண்ட்பார் ஹெச்டிஎம்ஐல இருந்தப்போ டிவி ரிமோட்லயே சத்தம் கூடும் குறையும், ஆப்டிகல்ல எங்களுக்கு அது நடக்கல. இப்போ சத்தத்துக்கு தனி ரிமோட். அம்மா ரெண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு முதுகோட முதுகா கட்டி வெச்சிருக்காங்க, விளம்பரம் வந்தா திருப்பி அமுக்கறாங்க.