பெங்கால் கப்பல்: பீரங்கியைப் பிடுங்கிய வாரம்

மூன்று வாரமாக 'பெங்கால்' என்ற இரண்டாம் உலகப்போர்க் காலச் சிறு போர்க்கப்பலின் மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. அளவு 1:200. அசல் கிட்டத்தட்ட 57 மீட்டர், என் மேசையில் 28 சென்டிமீட்டர் சொச்சம். அடிப்பகுதி பால்சா மரம், மேல்கட்டு எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. நன்றாக மடங்குகிறது, ஆனால் தங்க எழுத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் விரல் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் கட்டிய 60 பாதர்ஸ்ட் வகைக் கப்பல்களில் நான்கு, பிரிட்டிஷ் ஆட்சிக் கால ராயல் இந்தியக் கடற்படைக்கு வந்தன. பெங்கால் அதில் ஒன்று, மெட்ராஸ் என்றும் ஒன்று இருந்தது. கடலில் கண்ணிவெடிகளை அகற்றுவதற்கென்று கட்டினாலும், பெரும்பாலும் மற்ற கப்பல்களுக்குக் காவலாகத்தான் போயின.

இந்த வாரம் ஒரு சொதப்பல். அந்த வகையின் பொது வரைபடத்தைப் பார்த்து முன்தளத்தில் 4 அங்குலப் பீரங்கியை (அங்குலக் கணக்கு அசல் குழாயின் வாய் அகலம்) ஒட்டிவிட்டேன். அப்புறம் படித்தால், பெங்காலில் இருந்தது பழைய பன்னிரண்டு பவுண்டர் (பன்னிரண்டு பவுண்டு குண்டு சுடும் பீரங்கி), 3 அங்குலம்தான். ஃபெவிகால் காய்ந்தபின் பிடுங்கியதில் தளமும் கொஞ்சம் கூடவே வந்தது. புதுக் குழாய்க்கு 1.5 சென்டிமீட்டர் ஊதுபத்திக் குச்சி போதும்.

இனி பெங்காலின் கதை. 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே. ஒந்தினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போன பெங்காலுக்கு எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள், ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. இரண்டிலும் 14 சென்டிமீட்டர் வாய் அகலப் பீரங்கிகள் வரிசையாக. பெங்காலின் தளபதி வில்சன் ஒந்தினாவை ஓடச் சொல்லிவிட்டுத் தன் கப்பலை நேராக அவற்றை நோக்கி விட்டார். ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. ஒந்தினாவிலும் ஒரு பீரங்கி இருந்ததால், அடித்தது பெங்காலா, ஒந்தினாவா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. என் ஓட்டு ஒந்தினாவுக்கு. ஊதுபத்திக் குச்சியைப் பார்த்த பிறகு வேறு மாதிரி சொல்ல மனசு வரவில்லை.

ஒந்தினா முடிந்தது என்று நினைத்து பெங்கால் விலகிப்போனது. ஒந்தினாவோ தன் கேப்டனை இழந்து, டார்பிடோவும் வாங்கி, ஆட்கள் படகில் இறங்கியபின் திரும்ப ஏறி, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

ஒரு சோதனைக்கு ஹோகோகு மாருவின் பக்கத்தோற்றத்தை இதே அளவில் கறுப்பு சார்ட்டில் வெட்டினேன். முக்கால் மீட்டருக்கு மேல் வருகிறது. மேசையில் இடமில்லை, சுவரில் சாய்த்திருக்கிறேன்.

பிடுங்கிய 4 அங்குலப் பீரங்கியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒந்தினாவின் பின்தளத்தில் இருந்தது அந்த அளவுதான். அடுத்து ஒந்தினாவைத்தான் செய்யப்போகிறேன்.