கடைசி மில்லிகிராம்கள்

மனச்சோர்வுக்காக நான் எடுத்துவந்த வென்லாஃபாக்சின் மாத்திரையை 150 மில்லிகிராமிலிருந்து 75க்கு இறக்கியபோது வகுப்பில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஜூலையில் 37.5க்கு வந்ததும்தான் ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாயும். கணக்கு டீச்சர் பலகைக்கும் பிள்ளைகளுக்குமாகத் திரும்பிக்கொண்டேதானே இருக்க வேண்டும்? கோத்தகிரி மழையில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியிருக்க, எனக்கு முதுகு வியர்த்து வழிந்தது. கட்டபெட்டு வளைவுகளில் பஸ் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

நோய் திரும்பிவிட்டதோ என்பதுதான் பெரிய பயம். இல்லை என்றார் கோவை டாக்டர். மாத்திரையைக் குறைத்த சில நாட்களுக்குள் வந்தது, பழைய மனச்சோர்வில் இல்லாத இந்த அதிர்வு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இந்த மருந்து உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். ஒரு வேளை தவறினால் அன்றைக்கே தெரியும். குறைந்த அளவு மருந்தே மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், 150லிருந்து 75க்கு வருவதைவிடக் கடைசி 37.5ஐ விடுவது கடினம். நேர்கோடு இல்லை, வளைகோடு என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘லான்செட் சைக்கியாட்ரி’ என்ற மருத்துவ இதழில், இதற்கு நெருங்கிய வகையான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மனச்சோர்வு மாத்திரைகளுக்கு, அளவு இறங்க இறங்கக் குறைப்பையும் சிறிதாக்கும் இந்த வளைகோட்டு முறையைத்தான் வலியுறுத்தினார்கள்.

காலை மாத்திரைக்கு முன்பின்னான நேரம்தான் மோசம். எச்.எம்.மிடம் மட்டும் சொன்னேன். “முதல் பீரியட நான் பாத்துக்கறேன் டீச்சர், நீங்க ரெண்டாவதுக்கு வாங்க” என்றார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. அந்த உதவியின் அளவு எனக்குத்தான் தெரியும். தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு இரண்டும் வீட்டில் படுத்திருப்பவர்களுக்கானவை. நிற்க முடியும், சட்டென்று திரும்பத்தான் முடியாது என்பவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பாடத்தையும் மாற்றினேன். நான் நாற்காலியில் உட்கார, இருபடிச் சமன்பாட்டைப் பிள்ளைகளே பலகையில் போட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

மாத்திரையைத் தாமாக ஒரே நாளில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனாசெபம் போன்ற மாத்திரைகளைத் தினமும் எடுத்துவிட்டு அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

நான் இப்போது 37.5லேயே நிற்கிறேன். பொதுத்தேர்வு முடியட்டும். மே விடுமுறையில், டாக்டர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி, கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறேன்.