சோடியத்துக்கு நாலு நாள்

வெளிநாட்டு நியூட்ரான் ஆய்வகம் ஒன்றில் கருவி நேரம் கேட்டு அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் காலியம் என்று எழுதினேன். 29.8 டிகிரியிலேயே உருகிவிடும், உள்ளங்கைச் சூடே போதும், தீப்பிடிக்கிற பயமும் இல்லை. திரவ உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று அளக்க இதைவிட வசதியான உலோகம் ஏது? தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு அனுப்பினேன். காலியத்தில் தனி அணுவின் நகர்வைப் பிரித்தெடுக்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கோபம்தான் முதலில். அப்புறம் தனிமங்களின் சிதறல் அட்டவணையைப் புரட்டினால், தப்பு என்னுடையது.

நியூட்ரான்களைப் பொருளின் மீது மோதவிட்டு, அவை எப்படிச் சிதறுகின்றன என்று பார்ப்பதுதான் நியூட்ரான் சிதறல். அதில் இரண்டு பங்கு உண்டு. ஒத்திசைந்த பங்கு எல்லா அணுக்களின் கூட்டு அசைவையும் காட்டும்; ஒத்திசையாத பங்குதான் தனி அணுவைப் பின்தொடரும். தைப்பூசத்தன்று காவடிக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்தால் நெரிசல் தெரியும். எங்கள் மாமா எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று தெரியாது. அதற்கு அவர் காவடியில் மட்டும் ஒரு விளக்கு வேண்டும். காலியத்தில் ஒத்திசைந்த பங்கு சுமார் 6.7 பார்ன் (சிதறும் வாய்ப்பை அளக்கும் அலகு), மற்றது வெறும் 0.16. விளக்கே இல்லை. போதாததற்கு, வழக்கமான அலுமினியக் குப்பியையும் காலியம் ஊடுருவி நொறுங்க வைத்துவிடும்.

சோடியத்தில் இரண்டு பங்கும் 1.6 பார்ன் பக்கம். திரவத்தை அமுக்குவது கடினம் என்பதால் சிறு கோணங்களில் கூட்டுப் பங்கு தானாகவே அடங்கிவிடும். மிஞ்சுவது தனி அணுவின் கதை. மறு விண்ணப்பம் தேறியது.

பிரிட்டோரியா பக்கம் பெலிண்டாபாவில் 1965 முதல் 20 மெகாவாட் ஆய்வு உலை இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே நான் பார்த்த கருவிகள் அணுக்கள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டுபவை. நகர்வை அளக்க வெளிநாடு போக வேண்டியிருந்தது. "உப்பில் இருக்கிற சோடியம்தானே, அதைப் பார்க்கவா கண்ணு இவ்வளவு தூரம்?" என்றார் அம்மா.

நாலு நாள் கிடைத்தது. ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கைவிட்டு, மெல்லிய எஃகுக் குப்பியில் சோடியத்தை அடைத்தோம். வரும் நியூட்ரான்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிதறக்கூடாது; மிஞ்சினால் ஒரே நியூட்ரான் இரண்டு தடவை மோதிக் கணக்கைக் குழப்பும். முதலில் வெறுங்குப்பி, பிறகு கருவியின் கூர்மையை அறிய வனேடியம், அதற்குப் பிறகுதான் சோடியம்.

முதல் இரவு பாழ். சோடியம் உருகுவது 97.8 டிகிரியில்; வெப்பமானி 105 என்றது. ஆனால் சிதறிய நியூட்ரான்களின் ஆற்றலைக் காட்டும் திரையில் துளியும் அகலமாகாத ஒரு கூர்முனை, வெறுங்குப்பி தந்ததைவிட உயரமாக நின்றது. விடிகாலையில்தான் உறைத்தது: வெப்பமானியை நான் மேற்புறத்தில் மட்டும் வைத்திருந்தேன், குப்பியின் அடிப்பகுதி இன்னும் திடமாகவே இருந்திருக்கிறது. 130க்கு ஏற்றியதும் முனை சரிந்து, கோடு அகலமாகப் பரவியது. அந்தப் பரவலைப் பார்க்கத்தான் வந்தேன்.

அணு எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறதோ அவ்வளவு அகலம். சிறு கோணங்களில் அது உந்த மாற்றத்தின் (மோதலில் நியூட்ரானின் உந்தம் மாறும் அளவு) வர்க்கத்தோடு நேர்கோடாக ஏறும்; அந்தக் கோட்டின் சாய்விலிருந்து விரவல் எண், அதாவது அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்ற அளவு, கிடைக்கும். உருகுநிலையை ஒட்டி அது வினாடிக்கு ஏறத்தாழ 4×10⁻⁹ சதுர மீட்டர். அதாவது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கில் அணு தன் அகலத்தில் பாதிகூட நகர்வதில்லை. இத்தனை குறுகிய நேரத்தில், சூட்டு வேறுபாட்டால் திரவமே சுழன்று ஓடுவது குறுக்கே வராது. நுண்குழாய் வைத்து அளப்பவர்களுக்கு அதுதான் பெரும் தலைவலி.

ஊர் திரும்பியதும் கணக்கீடு. அது லோட் ஷெட்டிங் காலம். இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும், ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் செத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும்படி நிரலை மாற்றி எழுதிக்கொண்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மூன்று வெப்பநிலைகளில் இரண்டுதான் தேறின. மூன்றாவதுக்காக மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். குப்பியின் வரைபடத்தில் இப்போது வெப்பமானி இரண்டு.