வெண்டைச் செடிக்கு லீவு கிடையாது

மாசியில் வெண்டை விதைத்தால் 45 நாளில் காய் பறிக்கத் தொடங்கலாம். சித்திரையில் உச்சத்துக்குப் போகும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வருடா வருடம் இதே தலைவலி. "மார்ச்சோடு செடிகளை முடித்துவிட்டுச் செடிப்பைகளைக் காயப்போடுங்கள், ஆடிப்பட்டத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் காய்த்துக்கொண்டிருக்கும் செடியைப் பிடுங்கிப்போட எனக்கு மனசு வருவதில்லை.

இந்த வருடம் குலு, மணாலி என்று வீட்டில் முடிவானது. அதுவும் அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில். ரயில் பயணத்தையும் சேர்த்தால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாடியில் இருந்தவை: வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பந்தலில் புடலை, ஓரமாக அரைக்கீரை, ஆயுள் முடியப்போகும் தக்காளி.

முதலில் தண்ணீர் விஷயம். எது எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் ஏற்பாடு செய்ய முடியாது. ஒரு நாள் காலை எல்லாவற்றுக்கும் நன்றாக ஊற்றிவிட்டு, அப்புறம் ஊற்றாமல் விட்டுப் பார்த்தேன். புடலை அன்று மதியமே இலையைத் தொங்கப்போட்டது. அடுத்தது தக்காளி. கத்தரி கொஞ்சம் பொறுத்தது. மிளகாய்தான் கடைசி வரை அசரவில்லை. பைகளில் நான் போட்டிருப்பது பாதிக்குமேல் தென்னைநார்க் கழிவு. அது தன் எடையைப்போல் 5 மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆனால் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் லேசில் நனையாது. ஊற்றுகிற தண்ணீர் பையின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும். ஆகவே நாலு நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து குடம் குடமாக ஊற்றுவது இந்தக் கலவைக்குச் சரிப்படாது. தினமும், கொஞ்சம் கொஞ்சமாக, அதுதான் வழி.

மூடியில் ஓட்டை போட்டுப் பாட்டிலைத் தலைகீழாகச் செருகும் வித்தையையும் செய்து பார்த்தேன். ஒன்று ஒரே நாளில் காலியாகிறது, இல்லையென்றால் மண் அடைத்து அப்படியே நிற்கிறது. சனி, ஞாயிறு வெளியூர் போக அது போதும். பழைய வேட்டியைக் கிழித்து வாளியிலிருந்து பைக்குத் திரி விட்டதில் மிளகாய் பிழைத்தது, புடலைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. புடலை இருக்கும் பெரிய டிரம்மில் ஒரு மண்கலயத்தைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூடினேன். பூச்சு இல்லாத மண் என்பதால் சுற்றிலும் மெதுவாகக் கசியும். இது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. அவ்வப்போது நிரப்ப மட்டும் ஆள் வேண்டும்.

மற்ற பைகளுக்குச் சொட்டுநீர். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குழாயில் மாட்டும் டைமர்களில் இரண்டு வகை உண்டு. சோலனாய்டு என்ற மின்காந்த வால்வு வைத்தவற்றில் பெரும்பாலானவை குழாயில் அழுத்தம் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். துளையுள்ள உருண்டை ஒன்று திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) வகைக்கு அழுத்தமே தேவையில்லை. படிக்கட்டு அறைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் டேங்கிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் பால் வால்வு வகையைத்தான் வாங்க வேண்டும். பையில் தண்ணீரைச் சொட்டவிடும் முனையான சொட்டுவானும் அப்படியே. மணிக்கு 4 லிட்டர் என்று அதில் போட்டிருக்கும். அது 1 பார் அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு. எங்கள் டேங்கின் அடிப்பாகம் பைகளிலிருந்து 7 அடி உயரம்கூட இருக்காது. சொட்டுவானுக்கு அடியில் சொம்பு வைத்து அளந்தேன், பாதிகூடத் தேறவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஆறுக்கும் நேரம் குறித்தேன். ஒரே மூச்சில் நிறைய விட்டால் அடியில் வழிந்து, உரமும் போய், மாடித் தளமும் ஊறும். எங்களுடையது போர் தண்ணீர். உப்பு படிந்து சொட்டுவான் அடைக்கும் என்பதால் கிளம்புவதற்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினேன்.

மேலே 50 சதவீத நிழல்வலை, பைகளுக்குள் காய்ந்த இலை மூடாக்கு. கரும்புச் சக்கை இன்னும் நன்றாக மூடும், ஆனால் எறும்பு வரிசை கட்டி வந்துவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, ஒரு சாயங்காலம் அடித்தேன். மீன் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் இளந்துளிர் குபுகுபுவென்று வரும், அதைத் தேடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், விரட்ட ஆள் இருக்காது. அரைக்கீரையை இரண்டு அங்குலம் விட்டு அறுத்தாயிற்று. ஊருக்குப் போகிறவர்களுக்கு அதைவிடத் தோதான செடி இல்லை, திரும்பி வரும்போது தானாக வளர்ந்து நிற்கும்.

இத்தனையும் காசு கொடுத்தால் தீரும் விஷயங்கள். தீராதது பறிப்பது. பூ விரிந்து ஐந்தாறு நாளில் வெண்டைக்காயைப் பறித்துவிட வேண்டும். விட்டால் நார் விழும். அதோடு போகாது. உள்ளே விதை முற்ற ஆரம்பித்ததும் செடி தன் சத்தையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கு எல்லாம் இந்த ரகம்தான். ஒரு மிளகாய் பழுத்தால் நஷ்டமில்லை, காயவைத்து வற்றலாக்கலாம். முற்றின வெண்டையை என்ன செய்வது?

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். தண்ணீர் ஊற்ற உடனே சம்மதித்தார். பறிப்பதற்குத்தான் தயங்கினார். "உங்க செடி தம்பி, நீங்க இல்லாதப்ப நான் எப்படிக் கை வைக்கிறது?"

"அக்கா, நீங்க பறிக்கலைன்னா செடி காய்க்கிறதையே நிறுத்திடும். பறிச்சு நீங்களே வச்சுக்கிட்டாதான் எனக்கு உபகாரம்."

இதைப் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு முடிச்சும் இருந்தது. அவர் வேலைக்குப் போகிறவர், சாயங்காலம்தான் நேரம். விளக்கு வைத்தபிறகு செடியில் கை வைக்க மாட்டார். கடைசியில் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில், கோலம் போட்ட கையோடு வந்து பறிப்பது என்று ஏற்பாடு. விதைக்கு விட்ட காய்களில் சிவப்பு நூல் கட்டிக் காட்டினேன். கிளம்பும் காலையில் விரல் நீளப் பிஞ்சுகளைக்கூட விடாமல் நானே பறித்தேன். அத்தனையும் ரயில் சாப்பாட்டுக்கு வதக்கலாகப் போயிற்று.

மணாலியில் ஆப்பிள் மரங்களில் பிஞ்சு பிடித்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன்: "தம்பி, குழாய் ஒண்ணுல தண்ணி பீச்சி அடிக்குது." அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெல்லிய குழாயில் பல் தடம். அணில்! கோடையில் தாகத்துக்கு அது குழாயைக் கடிப்பது புதிதல்ல. குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். அந்த ஒரு கத்தரிப் பைக்கு மட்டும் அவர் சொம்பில் ஊற்றினார். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீரும் வைத்தார், அதன்பின் கடி இல்லை.

திரும்பி வந்தபோது தக்காளி போய்விட்டிருந்தது, எதிர்பார்த்ததுதான். இரண்டு கத்தரியில் மாவுப்பூச்சி. அதை வாளி நீரில் பீய்ச்சிக் கழுவி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். புடலையில் ஆண்பூ மட்டும் நிறைய. கடும் வெயிலில் கொடிகள் அப்படித்தான் செய்யும், அதற்கு நாம் ஊரில் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெண்டை மட்டும் ஆள் உயரத்துக்குப் போய் உச்சியில் பூத்துக்கொண்டிருந்தது. இலைக்குப் பின்னால் ஒளிந்த ஒன்றிரண்டு காய் மட்டும் முற்றியிருந்தது. அக்கா வாரம் முழுக்க வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைத்ததாகவும், அவர் வீட்டுப் பிள்ளைகள் இனி வெண்டைக்காய் என்றாலே ஓடுவதாகவும் தகவல்.

இப்போது வெண்டையை முக்கால் அடி விட்டு வெட்டியிருக்கிறேன், கணுக்களில் துளிர் வந்துகொண்டிருக்கிறது. அணில் பல் படும் உயரத்தில் உள்ள மெல்லிய குழாய்களை எல்லாம் மின்வயர் போடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தாயிற்று. ஆடிப்பட்டத்துக்கு வெள்ளரியும் பீர்க்கும் போடுவதாக எண்ணம். தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். அவர் கேட்டது இரண்டு பையும் கத்தரி நாற்றும்.