அக்காவின் பிளாக்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெழுகுக் கட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். என் அக்காவின் மார்பில் ஊசி போட்டு எடுத்த சதை அந்த மெழுகுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை 'பிளாக்' என்கிறார்கள். அதைக் கையில் வாங்க மூன்று நடை ஆனது.

அக்காவுக்கு வயது 46, காங்கேயம் பக்கம் வீடு. கட்டி இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் எங்களிடம் சொல்ல இரண்டு மாதம். மாமாவுக்குத் தறி வேலை, பசங்களுக்குப் பரீட்சை, அதற்கு நடுவில் எதற்கு என்று இருந்துவிட்டாளாம். பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபோது அதில் இருந்தது இவ்வளவுதான்: புற்றுநோய், கிரேடு 3, ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 மூன்றும் நெகட்டிவ். டிரிப்பிள் நெகட்டிவ். மருந்து குறிவைக்கிற அந்த மூன்றும் கட்டியில் இல்லை, அதனால் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது, ஹெர்2வுக்கான ஊசியும் இல்லை. கோவையில் பார்த்த கேன்சர் டாக்டர், "கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க பாத்தாலஜிஸ்ட் ஒரு தடவை பார்க்கட்டும். ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிட்டு வாங்க" என்றார்.

முதல் நடையில், பயாப்ஸி பார்த்த லேபில் ஸ்லைடு மட்டும், அதாவது பிளாக்கிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியதை மட்டும், கொடுத்தார்கள். பிளாக்கெல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். இரண்டாவது நடை, அக்கா கையெழுத்துப் போட்ட கடிதம், ஆதார் நகல், கேன்சர் டாக்டரின் சீட்டு எல்லாவற்றையும் நீட்டினேன். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. மூன்றாவது நடையில் கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் என் தொழில் புத்தி உதவியது. நான் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்ப்பவன். ரோல் வந்தால் முதலில் லாட் நம்பரைத்தான் பார்ப்பேன். ரிப்போர்ட்டில் இருந்த நம்பரும் பிளாக்கின் ஓரத்தில் எழுதியிருந்த நம்பரும் கடைசி இலக்கத்தில் ஒத்துப்போகவில்லை. "ஏனுங்க, இது வேற ஆளுதுங்க" என்றேன். கவுண்டரில் இருந்த பையன் வாங்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மாற்றிக் கொண்டுவந்தான். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கியது. உங்கள் வீட்டில் யாருக்காவது பிளாக் வாங்கப் போனால், வாங்கின இடத்திலேயே நின்று நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பையனே போகும்போது ஒன்று சொன்னான்: "வண்டி டிக்கில போட்டு வெயில்ல நிறுத்திடாதீங்ணா, மெழுகு."

கோவையில் இருந்த பாத்தாலஜி மேடம் பொறுமையானவர். அக்காவின் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ரோஸ்கோப் அங்கே இருந்தது, உட்காரச் சொன்னார். ரோஸ் நிறத்தில் பரவிக் கிடந்த சதைக்கு நடுவே ஊதா நிறத் திட்டுகள். அவைதான் புற்றுநோய்ச் செல் கூட்டம் என்றார். திட்டுகளுக்கு இடையில் இருந்த ரோஸ் பகுதியில், ராகியை இறைத்துவிட்ட மாதிரி, கருநீலத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். "இதெல்லாம் லிம்போசைட், நோயை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளணு. உங்க அக்காவோட சொந்தப் படை."

இது என்ன சாயம் என்று கேட்டேன். திருப்பூர்க்காரனுக்கு அதுதானே முதலில் வரும். நீலம் ஹெமடாக்ஸிலின், ரோஸ் ஈயோசின். ஹெமடாக்ஸிலின் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பதாம். ஒரு காலத்தில் துணிக்கும் அதே சாயம்தான். செல்லின் கருவில் பிடிக்கப் படிகாரம் சேர்க்க வேண்டும் என்றார். லிம்போசைட்டில் பெரும்பகுதி கருதான், அதனால்தான் அப்படிக் கருநீலப் புள்ளியாகத் தெரிகிறது. சாயப்பட்டறையில் கேட்ட பேச்சு மாதிரியே இருந்ததால் பயம் கொஞ்சம் விட்டது.

அவர் எண்ணிய விதமும் எனக்குப் பழக்கமானதுதான். புள்ளி நெருக்கமாக இருக்கும் ஒரு இடத்தை மட்டும் பார்த்து மார்க் போடக்கூடாதாம். கட்டியின் எல்லைக்குள், செல் திட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதையும் ஓட்டிப் பார்த்து, அதில் எத்தனை சதவீத இடத்தை இந்தச் செல்கள் பிடித்திருக்கின்றன என்று சராசரி சொல்ல வேண்டும். செத்து அழுகிய பகுதியைச் சேர்க்கக்கூடாது. இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று 2014-இல் ஒரு சர்வதேசக் குழு வழிமுறை வகுத்திருக்கிறது. நாங்களும் ஒரு ஓட்டையைப் பார்த்து ரோலைக் கழிப்பதில்லை. தனி டெஸ்ட் வேண்டாம், தனிக் காசு வேண்டாம், வழக்கமான அதே ஸ்லைடு போதும். ஆனாலும் முதல் லேப் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால்தான் எழுதுவார்கள் போல. இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: 'ஸ்ட்ரோமல் டில் 40 சதவீதம்'. டில் என்றால் கட்டிக்குள் புகுந்த லிம்போசைட், ஸ்ட்ரோமல் என்றால் செல் திட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி.

அந்த நாற்பதுதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

தேடிப் படித்தேன். இதில் பேர் பெற்ற ஆராய்ச்சி முதலில் குடல் புற்றுநோயில்தான் வந்தது. பாரிஸில் ழெரோம் காலோன் குழு 2006-இல், கட்டிக்குள் எந்த வகை நோயெதிர்ப்புச் செல், எவ்வளவு அடர்த்தியாக, எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து நோயாளி எப்படி இருப்பார் என்று கணிக்க முடியும் எனக் காட்டியது. 2018-இல் 13 நாடுகளின் நோயாளிகளை வைத்து அதை மறுபடி சோதித்தார்கள். மார்பகத்தில், டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் இந்தச் செல்கள் கூடக்கூட நல்லது. 3771 பேரின் பயாப்ஸியைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஜெர்மன் ஆய்வில், 60 சதவீதமும் அதற்கு மேலும் இருந்த டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களில் பாதிப் பேருக்குக் கீமோவிலேயே கட்டி முழுக்கக் கரைந்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 31 சதவீதம். பத்தோ ஐம்பதோ, அந்த 31-இல் மாற்றம் இல்லை. அக்கா நாற்பது. நடுவில் மாட்டிக்கொண்டோம்.

இன்னொன்றையும் படித்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். 2024-இல் வந்த ஆய்வு அது. முதல் ஸ்டேஜில், கீமோவே எடுக்காத டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களில், இந்தச் செல்கள் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஐந்து வருஷம் வரை நோய் வேறு இடத்துக்குப் பரவவில்லை. முப்பதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதுவே 78. "அப்ப அக்காவுக்குக் கீமோவைக் கொஞ்சம் கொறைக்க முடியாதுங்களா?" என்றேன். அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். "கட்டி மூணரை சென்டிமீட்டர், அக்குள்ல நெறி கட்டியிருக்கு. அது ரெண்டாம் ஸ்டேஜ். நீங்க சொல்ற ஆய்வு இவங்களைப் பத்தினது இல்லை. இந்த நாற்பதை வச்சு நான் ஒரு மருந்தையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." அவர் சொன்னது சரிதான் என்று இப்போது படுகிறது. அன்றைக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வெள்ளணு கூடினாலே நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. அதே ஜெர்மன் ஆய்வில், ஹெர்2 நெகட்டிவாக இருக்கும் ஹார்மோன் வகைக் கட்டிகளில் இந்தச் செல்கள் கூடுதலாக இருந்தவர்களின் ஆயுள் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. மேக்ரோபேஜ் என்ற வகை பல கட்டிகளில் எதிரிக்கே சோறு போடுகிறது. லிம்போசைட்டில் டி-செல் என்று ஒரு வகை, அதிலேயே ஒரு பிரிவு மற்ற டி-செல்களை அடக்கி வைக்கும்.

வீட்டில் அம்மா ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்: "படை உள்ளே போயிருக்குதுன்னா அப்புறம் எப்படிச் சாமி கட்டி வளந்துச்சு?" நான் படித்ததை வைத்துச் சொன்னேன். படை போகும், ஆனால் கட்டி அதன் பிரேக்கைப் பிடித்து அமுக்கிவிடும். அந்த பிரேக்குகளைக் கண்டுபிடித்து விடுவிக்கிற வழி காட்டியதற்குத்தான் 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் நோபல் கொடுத்தார்கள். பெம்ப்ரோலிசுமாப் அந்த வகை மருந்து. கீமோவோடு அதையும் சேர்த்தால் அக்கா மாதிரியானவர்களில் ஐந்து வருஷம் உயிரோடு இருப்பவர்கள் 81.7 சதவீதத்திலிருந்து 86.6 ஆகிறார்கள். டாக்டரே இதைச் சொன்னார். மொத்தம் 17 தவணை. விலையைக் கேட்டதும் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காட்டை விற்றாலும் பாதித் தவணைக்குத்தான் வரும். அக்காவே, "வேண்டாம் தம்பி, விட்டுரு" என்றாள். அதை எடுத்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில ராத்திரி தோன்றும்.

கீமோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. அந்த அஞ்சு மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அக்டோபரில் ஆபரேஷன். ரிப்போர்ட்டில், அக்குளில் ஒன்றும் இல்லை, மார்பில் 6 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. முழுக்கக் கரையவில்லை, அதனால் ஆறு மாதம் கேப்சிடபைன் மாத்திரை. இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளங்கை உரிகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறாள்.

ஆபரேஷன் பிளாக்கையும் வாங்கிவிட்டேன். நாளைக்கு எந்த டாக்டர் எதைக் கேட்பார் என்று தெரியாது. இந்தத் தடவை ஒரே நடை, நம்பரும் சரியாக இருந்தது. அக்கா அதைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்தனூண்டா?" என்றாள். அப்புறம் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, காட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தாள்.