ராபின்சனோடு கயிறு திரிக்கிறோம்

பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்கவென்றே எழுதப்பட்ட பழைய புத்தகங்களைத் தேடிப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. இந்த முறை படிப்பதோடு நிறுத்தாமல், அதில் இருப்பதைச் செய்தும் பார்ப்பது என்று அக்கா பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக்கொண்டேன். எடுத்த புத்தகம் 'தி நியூ ராபின்சன் குரூசோ'. யோவாகிம் ஹைன்ரிச் காம்பே என்ற ஜெர்மன் ஆசிரியர் 1779-80இல் ஹாம்பர்க்கில் வெளியிட்டது. லண்டனில் ஜான் ஸ்டாக்டேல் 1788இல் போட்ட ஆங்கிலப் பதிப்பின் ஸ்கேன்தான் எங்கள் கையில் இருக்கிறது. ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மொழிபெயர்ப்பு அது. ஜான் பியூவிக்கின் 32 மரச்செதுக்குப் படங்களும் உண்டு. அந்தக் கால அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் மாதிரியே இருக்கும். சின்னவனுக்கு அதைக் கண்டுபிடித்துப் படிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

1719இல் வந்த டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' கதை எல்லோருக்கும் தெரியும். உடைந்த கப்பலிலிருந்து கோடரி, துப்பாக்கி, வெடிமருந்து என்று மூட்டை மூட்டையாகக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவான் குரூசோ. காம்பே அங்கேதான் கை வைக்கிறார். அவருடைய ராபின்சன் தீவில் ஒதுங்கும்போது கையில் ஒன்றுமே இல்லை. முதல் பகுதி முழுக்கத் தனியாள், வெறுங்கை. பிறகு துணைக்கு ஃப்ரைடே வருகிறான். ஐரோப்பியக் கருவிகள் கிடைப்பது அதற்கும் அப்புறம்தான். இந்த ஒரு மாற்றத்தில் சாகசக் கதை செய்முறைப் புத்தகமாகிவிடுகிறது. கத்தி இல்லை, கயிறு இல்லை, நெருப்பு இல்லை. ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்காமல் கதை நகராது.

கதையை ஒரு அப்பா மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அவர்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். மூலத்தில் கேட்பவர்களும் ராபின்சனும் ஹாம்பர்க்காரர்கள். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பம் லண்டன் அருகே ட்விக்கன்ஹாமில் குடியிருக்கும் பில்லிங்ஸ்லி குடும்பம் ஆகிறது, ராபின்சனுக்கு ஊர் எக்ஸெட்டர். லண்டன் பிள்ளைகளுக்குத் தங்கள் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல இருக்கட்டும் என்று செய்திருப்பார்கள் போல. எனக்கு அது சரி என்றே படுகிறது. ஊர் மாறியும் கேள்விகள் நின்றுவிடவில்லையே!

கதை கேட்கும்போது கை சும்மா இருக்கக் கூடாது என்பது அந்த அப்பாவின் கட்டளை. பிள்ளைகள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்கிறார்கள். நாங்கள் மொச்சை உரித்தோம். கை வேலையில் இருந்தால் காது நன்றாகக் கேட்கிறது என்பதை நேரிலேயே பார்த்தேன். பெரியவள் எட்டிப் பார்த்துப் பக்கம் தள்ளச் சொல்வதை விட்டுவிட்டாள். "கயிறே இல்லாம அவன் எப்படி மாமா ஏணி கட்டுவான்?" என்ற கேள்வி அப்படி உரிக்கும்போது வந்ததுதான்.

அங்கிருந்து கயிறு வேலை தொடங்கியது. ராபின்சன் ஆளிச்செடி போன்ற ஒன்றைக் கண்டுபிடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தட்டி நார் எடுக்கிறான். எங்கள் பக்கம் ஆளிக்கு எங்கே போவது? புளிச்சைத் தண்டைக் கட்டாகக் கட்டி, கல்லை ஏற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினோம். நாற்றம் வீட்டையே தூக்கியது. ஆனால் அந்த அழுகலில்தான் விஷயம் இருக்கிறது. பட்டையில் நாரைப் பிடித்துவைத்திருக்கும் பசை கரைந்தால்தான் நார் தனியாக வரும். சீக்கிரம் எடுத்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். அளவுக்கு மீறி விட்டால் நாரே நைந்துபோகும். அடித்தண்டில் நகத்தால் கீறி இழுத்துப் பார்த்தோம். வழவழவென்று ரிப்பன் மாதிரி நுனிவரை உரிந்து வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அலசிக் காயவைத்தபின் திரிப்பு. இரண்டு புரியையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும். அந்த இழுப்பே இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடும். கையை விட்டாலும் பிரியாது. புரி மெலியும் இடத்தில் புது நாரைச் சொருகி முறுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சொருகினால் அங்கேயே அறும். இதைச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுப் பாட்டி. அவர் தொடையில் வைத்து உருட்டிய வேகத்துக்கு எங்களால் இன்னும் வர முடியவில்லை. ஆனாலும் கிணற்றுவாளியில் பாதித் தண்ணீர் நிரப்பித் தூக்கினால் எங்கள் கயிறு தாங்குகிறது.

நெருப்பு? காய்ந்த கட்டைகளைத் தேய்த்தோம். சூடு வந்தது, தீ வரவில்லை. ராபின்சனும் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போகிறான், அப்புறம் இடிவிழுந்து எரிந்த மரத்திலிருந்துதான் அவனுக்குத் தீ கிடைக்கிறது. "அவனுக்கே வரலையே" என்று சின்னவன் சமாதானமாகிவிட்டான். குடை பாதியில் நிற்கிறது. அவன் வில்லோ மிலாறைப் பின்னித் தென்னோலை வேய்ந்தான். நாங்கள் நொச்சி மிலாறில் கூடு முடித்திருக்கிறோம், ஓலை போட வேண்டும்.

உபதேசம் நீளும் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவற்றைப் பிள்ளைகள் மேல் சுமத்த எனக்கு மனமில்லை. ஆனால் காம்பே கைவேலையை எவ்வளவு மதித்தார் என்பது ஜெர்மன் மூலத்தின் முடிவில் தெரிகிறது. ஊர் திரும்பும் ராபின்சன் தச்சு வேலை கற்கிறான்; அவனும் ஃப்ரைடேயும் கடைசிவரை தச்சர்களாகவே சேர்ந்து உழைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இப்படி முடிவு எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்த புத்தகமும் தயார். சால்ஸ்மன் ஜெர்மனில் எழுதிய நீதிப் பாடநூலை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஆங்கிலமாக்கியது, 1790-91இல் வந்தது. அவரும் கதையை இங்கிலாந்துக்கு மாற்றியிருக்கிறார், அமெரிக்கப் பழங்குடியினரைச் சகோதரராக நினைக்கச் சொல்லும் ஒரு சின்னக் கதையைத் தானாகவே சேர்த்திருக்கிறார். அதில் செய்து பார்க்க அதிகம் இருக்காது, பேச நிறைய இருக்கும்.

இப்போதைக்குக் கயிற்றேணிதான். ராபின்சன் ஏறி இறங்கிய அளவுக்கு வேண்டுமென்றால் மூன்று புரிக் கயிறாக வேண்டும், இருக்கிற நார் பத்தாது. இன்னொரு கட்டுப் புளிச்சை தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. இம்முறை தொட்டியைக் கொல்லைக் கோடிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டாள் அக்கா.