காலசம்ஹார மூர்த்தி சந்நிதியில் ஒரு பீமரத சாந்தி

எழுபதாம் வயதில் செய்துகொள்ளும் பீமரத சாந்திக்காக, என் மனைவியுடனும் பிள்ளைகளுடனும் மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள திருக்கடையூருக்குச் சென்று வந்தேன். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் இது. சிவபெருமான் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. அமிர்தகடேசுவரரும் அபிராமி அம்மையும் அருள்பாலிக்கும் இத்திருக்கோயிலின் பிராகாரத்தில் அன்று காலை பல வேள்விகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. அறுபது நிறைந்து மணிவிழா காண்போர் ஒருபுறமும், ஆயிரம் பிறை கண்டு சதாபிஷேகம் செய்துகொள்ளும் எண்பது வயதினர் மறுபுறமுமாக அமர்ந்திருந்தனர்.

எண்பதைக் கடந்த ஒரு பெரியவர், நடுங்கும் விரல்களால் திருமாங்கல்யத்தை முடிய இயலாமல் தவித்தபோது, அவருடைய மனைவி தாமே கழுத்தைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்துவிட்டு, புதுமணப் பெண்ணைப் போல நாணத்துடன் சிரித்தார். பேரப்பிள்ளைகள் அட்சதையை வாரி இறைத்தார்கள். மருத்துவமனை வாசல்களிலும் மருந்துப் பட்டியல்களிலும் மட்டுமே என் முதுமையை அடையாளம் கண்டுவந்த எனக்கு, கூடியிருந்து கொண்டாடத்தக்க ஒரு பருவமாகவும் அது இருக்க முடியும் என்பது அந்தச் சிரிப்பில்தான் விளங்கியது.

கலசநீர் அபிஷேகம் முடிந்து, ஈரம் உலராத தலையுடன் காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதிக்குச் சென்றோம். பதினாறு வயதே ஆயுளாக விதிக்கப்பட்ட மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தையும் சேர்த்து வளைத்தது என்றும், அப்போது வெளிப்பட்ட இறைவன் இடக்காலால் எமனை உதைத்து வீழ்த்தினார் என்றும் தலவரலாறு கூறுகிறது. இந்த அளவோடு கதையை நிறுத்திவிடுவோரே மிகுதி. ஆனால் அதன் பிற்பகுதியே எனக்கு அருமருந்தாகத் தோன்றுகிறது. எமன் வீழ்ந்தபின் உலகில் இறப்பே இல்லாது போய், உயிர்களின் பாரம் தாங்க முடியாத பூமாதேவி முறையிட, இறைவன் எமனை மீண்டும் எழுப்பி அவனுடைய தொழிலை அவனுக்கே அளித்தார். இங்கு எமனுக்கும் சந்நிதி உண்டு. எந்தத் திருவடியால் உதையுண்டானோ அதே திருவடியை வணங்கி, அதன் ஆணைக்கு உட்பட்டவனாக அவன் நிற்கிறான்.

அந்தச் சந்நிதியில் நெடுநேரம் நின்றேன். நீண்ட ஆயுளை வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் அவ்வேண்டுதல் நாவில் எழவில்லை. என்னை அழைத்துப் போக ஒருநாள் வரப்போகிறவன் என் தெய்வத்தின் ஏவலாளன் என்றால், அவன் வருகையை எண்ணி இருக்கின்ற நாட்களை அச்சத்தில் கழிப்பானேன் என்ற தெளிவும், அதைத் தொடர்ந்து காரணம் சொல்ல முடியாத ஒரு மகிழ்ச்சியும் உண்டாயின.

அமிர்தகடேசுவரரின் அபிஷேகத்திற்குரிய தீர்த்தம் அருகிலுள்ள திருக்கடவூர் மயானத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவரப்படுகிறது என்று குருக்கள் சொன்னார். அமுதக் குடமே லிங்கமாக அமைந்ததாகப் போற்றப்படும் இறைவனுக்கு, மயானம் என்னும் பெயருடைய தலத்திலிருந்து நீர் வருகிறது! அதைக் கேட்டவுடன் என் மனைவி அங்கும் போகவேண்டும் என்றாள். முழங்கால் வலியால் காலையில் கோபுர வாசற்படியைக் கடக்கவே தயங்கியவள், அவ்வூர்ப் பிரமபுரீசுவரர் சந்நிதிக்கு என் தோளைப் பற்றியபடி உற்சாகமாக நடந்து வந்தாள். தரிசனம் முடிந்தபின், எங்களில் ஒருவர் முன்னே போய்விட்டால் எஞ்சியவரைத் துக்கத்தில் வீட்டிலேயே முடங்கவிடாமல் அபிராமியின் சந்நிதிக்கு அழைத்து வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் நாங்களே சொன்னோம். மகள் கண் கலங்கினாள். அவளைத் தேற்றிவிட்டு, சதாபிஷேகத்தையும் இங்கேயே செய்துகொள்ள வேண்டும் என்று என் மனைவி திட்டமிடத் தொடங்கிவிட்டாள்.